உறையில் 8,800... உள்ளே 900! டார்ச் லைட் பேட்டரியை வீட்டிலேயே டெஸ்ட் செய்வது எப்படி?

"தம்பி, இந்த லைட்டு வாங்குனப்போ தென்னமரத்து உச்சி வரைக்கும் பகல் மாதிரி அடிச்சுது. இப்ப வரப்புல பாதி தூரம் போறதுக்குள்ள மங்கிடுது. பல்பு போயிடுச்சான்னு பாரேன்" என்று சித்தப்பா ஒரு டார்ச்சை நீட்டினார்.

அவருக்குத் திருவாரூர் பக்கம் ஒரு கிராமம். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும் நாள்களில் மோட்டார் போட இருட்டில்தான் வயலுக்குப் போக வேண்டும். வரப்பில் கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் நடமாடும் நேரம் அது. நமக்கு டார்ச் என்பது கரன்ட் போனால் தேடும் பொருள். அவருக்கு அது காலடி.

எல்.இ.டி-க்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரியைக் கழற்றினேன். பளபளக்கும் உறையில் 8,800 எம்.ஏ.ஹெச் என்று அச்சடித்திருந்தது. சமையலறை எடை மெஷினில் வைத்தேன். 31 கிராம். அதற்கு மேல் டெஸ்ட் செய்யத் தேவையே இல்லை. இருந்தாலும் மனசு கேட்காமல் செய்து பார்த்தேன். 900-ஐத் தாண்டவில்லை.

பெரிய வெளிச்சம் தரும் ரீசார்ஜபிள் டார்ச்கள் இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரியைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. அதன் உறையில் இருக்கும் எண்ணை நம்பவும் கூடாது. நீங்களே டெஸ்ட் செய்துவிடலாம். பெரிய லேப் எல்லாம் வேண்டாம்.

முதலில் தராசு

டார்ச்களில் அதிகம் இருப்பது 18650 என்ற வகை. இந்த எண் கம்பெனி பெயரோ மாடல் பெயரோ இல்லை, அளவு. 18 மி.மீ விட்டம், 65 மி.மீ நீளம், கடைசி சைபர் உருளை வடிவத்தைக் குறிக்கும். அதேபோல 21700 என்றால் 21 மி.மீ விட்டம், 70 மி.மீ நீளம்.

அளவு தெரிந்துவிட்டால் பொய்யைப் பிடிப்பது சுலபம். இந்தச் சின்ன உருளைக்குள் அடைக்கக்கூடிய மின்சாரத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. பெயர்பெற்ற நிறுவனங்களின் நல்ல 18650 செல்கள் 2,500 முதல் 3,500, 3,600 எம்.ஏ.ஹெச் வரைதான் இருக்கும். மிகப் புதிதாக வந்தவற்றில் ஒன்றிரண்டு 4,000-ஐ ஒட்டி வருகின்றன. 6,800, 8,800, 9,900 என்றெல்லாம் போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடலாம். 21700 கொஞ்சம் பெரிது என்பதால் அதில் 5,000 சாதாரணம்.

நல்ல 18650 செல் 45 முதல் 50 கிராம் எடை இருக்கும். உள்ளே சுருட்டி வைத்த செம்பு, அலுமினியத் தகடுகளும் வேதிப்பொருளும்தான் அந்தக் கனம். 30, 35 கிராம்தான் இருக்கிறது என்றால் உள்ளே சரக்கு இல்லை. போலிகளை வெட்டிப் பார்த்தவர்கள், பெரிய கூட்டுக்குள் ஒரு குட்டி செல்லையும் மீதி இடத்தை நிரப்ப மாவு போன்ற பொடியையும் கண்டிருக்கிறார்கள். ஆனால், எடை சரியாக இருப்பதாலேயே செல் நல்லது என்று ஆகிவிடாது. பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தெடுத்து, புது உறை மாட்டி விற்கும் செல்லும் எடையில் பாஸ் ஆகிவிடும்.

மல்டிமீட்டரில் ஒரு எச்சரிக்கை

அடுத்து மல்டிமீட்டர். டி.சி வோல்ட்டில் வைத்து பிளஸ், மைனஸ் தொட்டுப் பாருங்கள். புதிய செல் பொதுவாக 3.5 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். முழு சார்ஜ் என்றால் 4.2. 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்த செல்லை சார்ஜ் போட்டு உயிர்ப்பிக்கப் பார்க்காதீர்கள். அவ்வளவு கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் செம்பு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அதுவே உள்ளுக்குள் ஷார்ட் ஆக வழி செய்துவிடும்.

எச்சரிக்கை இதுதான். சாதா பென்டார்ச் பேட்டரியில் சிலர் மீட்டரை ஆம்பியரில் வைத்து, நேரடியாக இரு முனையிலும் தொட்டு 'பவர் இருக்கா' என்று பார்ப்பார்கள். லித்தியம் செல்லில் அதைச் செய்யவே கூடாது. ஆம்பியரில் இருக்கும் மீட்டர் கிட்டத்தட்ட ஒரு வெறும் ஒயர். அது நேரடி ஷார்ட் சர்க்யூட். ஒயர் உருகும், கை வேகும். செல் வெடிக்கவும் கூடும்.

கொள்ளளவு டெஸ்ட்

இதற்கு 'அனலைசிங் சார்ஜர்' என்று ஒரு கருவி கிடைக்கிறது. சார்ஜரும் டெஸ்டரும் சேர்ந்தது. செல்லை 4.2 வோல்ட் வரை நிரப்பி, பிறகு அளந்த மின்னோட்டத்தில் 2.8 வோல்ட் மாதிரி ஒரு புள்ளி வரை காலி செய்து, எவ்வளவு வெளியே வந்தது என்று கணக்குச் சொல்லும். பிறகு மறுபடி நிரப்பிவிடும். அரை ஆம்பியரில் காலி செய்தால் 2,500 எம்.ஏ.ஹெச் செல்லுக்கு 5 மணி நேரம் ஆகும். 9,900 என்று போட்ட செல் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டால் விஷயம் விளங்கிவிடும்.

ஏறும்போது எண்ணும் கணக்கைவிட இறங்கும்போது எண்ணும் கணக்கையே நம்புங்கள். உறையில் உள்ளதைவிட 5 சதவிகிதம் குறைவாக வந்தால் பதற வேண்டாம், கருவிக்குக் கருவி அந்த வித்தியாசம் வரும். 80 சதவிகிதத்துக்குக் கீழே போனால் செல்லுக்கு வயதாகிவிட்டது.

டெஸ்ட்டை ஹால் சோபா மேலே வைக்காதீர்கள். சிமென்ட் தரை அல்லது டைல்ஸ், பக்கத்தில் திரைச்சீலையோ மெத்தையோ இருக்கக் கூடாது. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம். இளம் சூடு பரவாயில்லை. கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் அந்த செல்லோடு உறவை முடித்துக்கொள்ளுங்கள்.

ஹை-பவர் டார்ச்சுக்கு இதுதான் முக்கியம்

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். கொள்ளளவு சரியாக இருக்கும், செல்லும் ஒரிஜினலாக இருக்கும். ஆனாலும் டார்ச் மங்கும்.

மொட்டைமாடி வாட்டர் டேங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். எம்.ஏ.ஹெச் என்பது டேங்க்கின் அளவு. தண்ணீர் எவ்வளவு வேகமாக வரும் என்பதைக் கீழே வரும் பைப்பின் தடிமன்தான் முடிவு செய்யும். செல்லில் அந்த பைப்புதான் 'இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ்', அதாவது உள்தடை. தடை கூடினால் பைப் மெலிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு கணக்குப் போடுவோம். 3,000 லூமென் டார்ச்சுக்கு எல்.இ.டி-யில் சுமார் 30 வாட் வேண்டும். ஒற்றை செல்லின் சராசரி 3.6 வோல்ட். வகுத்தால் 8 ஆம்பியருக்கு மேல் வருகிறது. சர்க்யூட்டில் வீணாவதையும் சேர்த்தால் 10 என்று வைத்துக்கொள்ளலாம். நம் செல்போன் சார்ஜர் ஒயரில் ஓடுவது பெரும்பாலும் 2, 3 ஆம்பியர்தான்.

நல்ல செல்லின் உள்தடை 30 மில்லி ஓம் என்றால், 10 ஆம்பியர் ஓடும்போது உள்ளேயே 0.3 வோல்ட் காணாமல் போகும், 3 வாட் சூடாக மாறும். டார்ச் தாங்கிக்கொள்ளும். தடை 150 மில்லி ஓம் ஆகிவிட்ட பழைய செல்லில் 1.5 வோல்ட் விழும். 4.2 வோல்ட் முழு சார்ஜில் இருந்தும் டார்ச்சுக்குக் கிடைப்பது 2.7 தான். 'பேட்டரி காலி' என்று நினைத்து டார்ச் தானே மங்கிவிடும். அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் மறுபடி பளிச்சென்று எரியும், ஒரு நிமிஷத்தில் திரும்ப மங்கும். உங்கள் டார்ச்சும் இப்படிச் செய்கிறதா? முதலில் செல்லைச் சந்தேகப்படுங்கள். அதோடு, மூடிய அலுமினியக் குழாய்க்குள் 15 வாட் சூட்டை அந்த செல் தன் வயிற்றுக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்டிருக்கும். எனக்குப் பயம் இதில்தான்.

அனலைசிங் சார்ஜர்களில் பல இந்த மில்லி ஓம் கணக்கையும் காட்டும். ஆனால், செல்லைக் கழற்றி மாட்டினாலே எண் மாறும். முனையைத் துணியால் துடைத்து, மூன்று முறை மாட்டி, குறைந்த எண்ணை எடுத்துக்கொள்வது என் வழக்கம். 50-க்குக் கீழே இருந்தால் திருப்தி. 100-ஐத் தாண்டினால் அந்த செல் பெரிய டார்ச்சுக்கு ஆகாது, சின்ன லைட்டுக்கோ யு.எஸ்.பி ஃபேனுக்கோ போகட்டும்.

மீட்டரே இல்லாமல் இன்னொரு வழி உண்டு. செல்போனில் வெளிச்சம் அளக்கும் 'லக்ஸ் மீட்டர்' ஆப் போட்டுக்கொள்ளுங்கள். பாத்ரூம் கதவைச் சாத்தி, டார்ச்சை மேற்கூரை பார்க்க நிறுத்தி, போனைத் தரையில் வையுங்கள். முழு சார்ஜ் ஏற்றிய செல்லோடு அதிக வெளிச்சத்தில் போட்டு, 30-வது விநாடியில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டார்ச்களின் லூமென் அளவுக்கான எஃப்.எல் 1 தரநிலையும் 30 விநாடிக்குப் பிறகுதான் அளக்கிறது. முதல் நொடி வெளிச்சம் யாருக்கும் உதவாது. டார்ச் ஆறியபின் நன்றாக உள்ள இன்னொரு செல்லைப் போட்டு இதையே செய்யுங்கள். எண்ணின் மதிப்பு முக்கியமில்லை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் கழித்து வெளிச்சம் குறைந்தால் அது சூட்டைக் குறைக்க டார்ச் செய்யும் வேலை, செல்லின் குற்றமில்லை.

அப்போ எதை வாங்குவது? சாம்சங்கின் 35இ செல் 3,500 எம்.ஏ.ஹெச், ஆனால் தொடர்ந்து 8 ஆம்பியர்தான் தரும். அதே நிறுவனத்தின் 25ஆர் 2,500 தான், ஆனால் 20 ஆம்பியர் தரும். 10 ஆம்பியர் கேட்கும் டார்ச்சுக்கு எண்ணில் சின்னதான 25ஆர்தான் பொருத்தம். நாலு மணி நேரம் மெதுவாக எரிய வேண்டிய லைட்டுக்கு 35இ. சித்தப்பா மாதிரி பாதி நேரம் மீடியம், அப்பப்போ ஃபுல் என்று போடுபவர்களுக்கு நடுவில் இருக்கும் 3,000 வகைதான் சரி. லேப்டாப்பில் இருந்து எடுத்த செல் இந்த வேலைக்கு வேண்டாம். அது குறைந்த ஆம்பியருக்காகச் செய்தது, அதிலும் பாதி ஆயுள் முடிந்தது.

இரண்டு செல் டார்ச்சா? கூடுதல் கவனம்!

செல்கள் வரிசையாக இருக்கும் டார்ச்சில் ஒன்று நல்லது, ஒன்று நோஞ்சான் என்று போட்டால் நோஞ்சான் முதலில் காலியாகும். நல்லது நிற்காமல் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். காலியான செல்லுக்குள் அது தலைகீழாக ஏறும். செல் புகை கக்குவது, வெடிப்பது எல்லாம் இப்படியும் நடக்கும். அதனால் ஒரே மாடல், ஒன்றாக வாங்கியது, ஒன்றாகவே சார்ஜ் ஏறி இறங்குவது என்று ஜோடியாக வைத்திருங்கள். ஸ்கெட்ச் பேனாவில் அடையாளம் போட்டுவிடுங்கள். எரித்துவிட்டுக் கழற்றி அளக்கும்போது இரண்டுக்கும் 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த ஜோடியைப் பிரித்துவிடுவது நல்லது.

சார்ஜரையும் ஒரு தடவை டெஸ்ட் செய்யுங்கள். பச்சை லைட் எரிந்ததும் செல்லை எடுத்து அளந்தால் 4.20-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 4.25-ஐத் தாண்டினால் சார்ஜரைத் தூக்கிப் போடுங்கள். செல்லைச் சும்மா வைத்து, இரண்டு வாரம் கழித்து அளந்து பாருங்கள். 4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் உள்ளுக்குள் கசிவு இருக்கிறது, அது வேண்டாம்.

இந்த பயமெல்லாம் கொஞ்சம் ஓவர் இல்லையா என்று கேட்கலாம். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில், உதிரியாக விற்கும் 18650 செல்களை வாங்கவோ பயன்படுத்தவோ வேண்டாம் என்றே மக்களை எச்சரித்தது. பேட்டரி பேக்குக்குள் பாதுகாப்பு சர்க்யூட்டோடு இருப்பதற்காகச் செய்த பொருள் அது என்பதுதான் காரணம். சட்டைப்பையில் சாவி, சில்லறையோடு கிடந்தாலே ஷார்ட் ஆகிவிடும். பிளஸ் முனையைச் சுற்றியுள்ள மெல்லிய உறை கிழிந்தாலும் அதே ஆபத்து, ஏனென்றால் உருளை முழுவதும் மைனஸ்தான்.

அதனால் டார்ச்சுக்கு 'புரொடெக்டட்' செல்லையே கேட்டு வாங்குங்கள். அடியில் ஒரு குட்டி சர்க்யூட் ஒட்டியிருப்பதால் நீளம் 68, 70 மி.மீ வரும். உங்கள் டார்ச்சில் அந்த நீளம் நுழையுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த சர்க்யூட் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதையும் கேளுங்கள். குறைவாக இருந்தால், ஃபுல் வெளிச்சம் போட்டதும் டார்ச் பட்டென்று அணைந்துவிடும். வயல் நடுவில் அது நமக்கு ஆகாது.

தோற்ற செல்லைக் குப்பைத்தொட்டியில் போடாமல், இரு முனையிலும் டேப் ஒட்டி, இ-வேஸ்ட் எடுப்பவர்களிடம் கொடுங்கள். குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

சித்தப்பாவின் 31 கிராம் செல்லும் அப்படித்தான் போனது. போன வாரம் டவுனில் இருந்து போன் செய்தார். "தம்பி, புது பேட்டரி ஒண்ணு பாத்திருக்கேன். பக்கத்துல நகைக்கடையில குடுத்து எடை போடச் சொன்னேன். 49 கிராம், 200 மில்லி காட்டுது. வாங்கிடட்டுமா?"

"எத்தனை ஆம்பியர்னு கேட்டீங்களா சித்தப்பா?"

"இரு, கேட்டுட்டுக் கூப்பிடுறேன்."