குறுக்கு வழி ஏன் நீளமாகிறது?

அண்ணா சாலையில் கார்கள் நின்றுவிட்டால், டிரைவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது ராயப்பேட்டைதான்!

"ஒயிட்ஸ் ரோட்டில் புகுந்தால் சீக்கிரம் போய்விடலாம்" என்று ஒருவர் நினைப்பார். அவருக்குப் பின்னால் வருகிற 100 பேரும் அப்படியே நினைப்பார்கள். கடைசியில், மணிக்கூண்டு அருகே எல்லோரும் நிற்பார்கள்!

சிறு கணக்கு

ஓர் இடத்துக்குப் போக 2 பாதைகள். பெரிய ரோட்டில் எப்போதும் 20 நிமிடம் ஆகும். குறுக்குச் சந்தில் 5 கார்களுக்கு 1 நிமிடம் வீதம் நேரம் கூடும்.

100 கார்களும் சந்தில் புகுந்தால்? அங்கும் 20 நிமிடம்தான்!

பாதிக் கார்கள் பெரிய ரோட்டுக்குத் திரும்பினால்? அவர்களுக்கு அதே 20 நிமிடம். சந்தில் போகும் 50 பேருக்கோ 10 நிமிடம்தான்! யாருக்கும் நஷ்டம் இல்லை.

இந்தக் கருத்தை 1920-ம் ஆண்டிலேயே இங்கிலாந்துப் பொருளாதார நிபுணர் பிகூ எழுதிவிட்டார்.

ஆனால், பெரிய ரோட்டுக்குத் திரும்பப் போகும் அந்த 50 பேர் யார்? அதுதான் சிக்கல்!

கட்டாயமும் கட்டணமும்

ஒரு வழி, கட்டாயம். மெட்ரோ ரெயில் சுரங்கம் தோண்டியபோது, அண்ணா சாலையின் ஒரு பகுதி சில ஆண்டுகள் ஒருவழிப் பாதையாக இருந்தது. வாகனங்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, ஒயிட்ஸ் ரோடு வழியாகத் திருப்பி விடப்பட்டன.

இன்னொரு வழி, கட்டணம். 1975-ல் சிங்கப்பூர் நகரின் மையப் பகுதிக்குள் காலையில் நுழையும் காருக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி வசூலித்தார்கள். உள்ளே நெரிசல் குறைந்தது. ஆனால், ஊரைக் கடந்து போகிறவர்கள் சுற்று ரோடுகளுக்கு மாறினார்கள். அங்கே கூட்டம் கூடியது!

மூன்றாவது வழி, பரிசு. 2008-ல் பெங்களூர் இன்போசிஸ் ஊழியர்களிடம் ஒரு சோதனை நடந்தது. காலையில் முன்கூட்டியே வருகிறவர்களுக்குக் குலுக்கலில் பணப்பரிசு! பாதைக்குப் பதிலாக, நேரத்தை மாற்றினார்கள். சீக்கிரம் வருவோர் எண்ணிக்கை பெருகியது.

யாருக்காக?

இப்போது செல்போன் வழி காட்டுகிறது. எல்லோருக்கும் அது ஒரே சந்தைக் காட்டினால், பழைய கதைதான்! சிலருக்குப் பெரிய ரோட்டையும், சிலருக்குச் சந்தையும் மாற்றி மாற்றிக் காட்டினால் கணக்குச் சரியாகிவிடும். இன்று சுற்றிப் போனவருக்கு நாளை குறுக்கு வழி கிடைக்கும்.

ராயப்பேட்டைக்கு இது மிகவும் அவசியம். அங்கே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் அருகே மெட்ரோ ரெயில் 2-ம் கட்டத்தின் நிலையமும் அமைகிறது.

சுற்றிப் போகிற டிரைவருக்குச் சில நிமிடங்கள்தான் போகும். நெரிசலில் சிக்கிய ஆம்புலன்சில் படுத்திருப்பவருக்கோ, அந்தச் சில நிமிடங்கள்தான் உயிர்!