வழவழப்புக்கு ஒரு சிட்டிகை அழுக்கு

சாதாரணக் கணினித் திரை காட்டக்கூடிய நிறங்கள் மொத்தம் 1,67,77,216. சிவப்புக்கு 256 நிலைகள், பச்சைக்கு 256, நீலத்துக்கு 256. மூன்றையும் பெருக்கினால் வரும் எண் இது. இவ்வளவு நிறங்கள் கையில் இருந்தும், போட்டோஷாப்பிலோ ஜிம்ப்பிலோ ஒரு வானம் வரையப் போகிறவர்கள் சங்கடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். மேலே சற்று அடர்ந்த நீலம், கீழே சற்று வெளிறிய நீலம், நடுவில் ஒன்று மற்றொன்றாக மெல்லக் கரைய வேண்டும். அவ்வளவுதான் கேட்டது. திரையில் வருவதோ பட்டை பட்டையாகக் கோடு விழுந்த வானம். கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகச் சொன்னால் அதே மென்பொருள் பிசிறில்லாமல் போய்விடுகிறது. பெரிய மாற்றத்தை அநாயாசமாகச் செய்யும் கருவி சின்ன மாற்றத்தில் தடுக்கி விழுகிறது.

கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். திரையின் உயரம் 1080 பிக்சல். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு இறங்க 256 நிலைகள் உண்டு. ஆகவே ஏறக்குறைய நான்கு பிக்சலுக்கு ஒரு நிலை மாறும். அவ்வளவு நெருக்கத்தில் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. நம்முடைய மெல்லிய வானத்திலோ, மேலிருந்து கீழ்வரை மூன்று வண்ண எண்களும் இருபது இருபது நிலைகள்தான் மாறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இருபது நிலைகளை 1080 பிக்சலுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 54 பிக்சல் கிடைக்கும். மேசைக் கணினித் திரையில் அது ஒன்றரை சென்டிமீட்டர் அகலப் பட்டை. நாம் கேட்டது சாய்தளம். கணினியிடம் இருப்பது படிக்கட்டு. சரிவு செங்குத்தாக இருந்தால் படிகள் நெருங்கி மறைந்துவிடும், சரிவு குறையக் குறையத்தான் ஒவ்வொரு படியும் அகலமாகிக் காட்டிக்கொடுக்கும்.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளுக்கு இடையே வித்தியாசம் ஒரே ஒரு நிலைதான். தனித்தனித் தாளில் அச்சிட்டுக் காட்டினால் இரண்டும் ஒரே நிறம் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஒட்டி வைத்தால் மட்டும் எல்லைக்கோடு எப்படித் தெரிகிறது?

ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865இல் இதைப் பற்றி எழுதினார். (விமானத்தின் வேகத்தை ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டு மாக் எண்ணால் சொல்கிறோமே, அதே மாக்.) வெளிச்சம் சட்டென மாறும் இடத்தில், வெளிச்சப் பக்கத்து ஓரம் கூடுதல் வெளிச்சமாகவும், இருட்டுப் பக்கத்து ஓரம் கூடுதல் இருட்டாகவும் தெரிகிறது. அந்தக் கூடுதல் படத்தில் இல்லை. கண் போட்டுக்கொடுக்கும் வட்டி. விழித்திரையில் ஒரு செல் தூண்டப்படும்போது அது பக்கத்துச் செல்களை அடக்கி வைக்கிறது. இதனால் ஒரே சீரான பரப்புகள் மங்கி, விளிம்புகள் எடுப்பாகத் தெரிகின்றன. அமெரிக்க உடலியலாளர் கெஃபர் ஹார்ட்லைன் இந்த அடக்குமுறையைக் குதிரைலாட நண்டின் கண்ணில் அளந்து காட்டினார். 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புதரில் பதுங்கியிருக்கும் விலங்கின் வெளிக்கோட்டைக் கண்டுபிடிக்க உதவும் ஏற்பாடு, பாவம், டிசைனரின் வானத்திலும் இல்லாத கோட்டைத் தேடிப் பிடிக்கிறது.

இருட்டான இடங்களில் நிலைமை இன்னும் மோசம். வண்ண எண் 200இலிருந்து 201க்குப் போனால் திரையின் ஒளி நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கூடுகிறது. 20இலிருந்து 21க்குப் போனாலோ நூற்றுக்கு ஏழு. அதே ஒற்றைப் படிதான், உயரம் மட்டும் வேறு. ஓடிடியில் பார்க்கும் படங்களின் இரவுக் காட்சிகளில், விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிவது இதனால்தான்.

படிகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். 10 பிட் திரையில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 1024 நிலைகள். போட்டோஷாப்பின் 16 பிட் முறையில் 32,769 நிலைகள். 65,536 இருக்க வேண்டிய இடத்தில் பாதியும் ஒன்றும் வைத்திருப்பது, நடுப்புள்ளி துல்லியமாக அமைந்து கணக்கு எளிதாகும் என்பதற்காக. வேலை செய்யும்போது 16 பிட்டில் வைத்திருப்பது நல்ல பழக்கம். ஆனால் பார்ப்பவரின் திரையும் நாம் அனுப்பும் ஜேபெக் கோப்பும் பெரும்பாலும் 8 பிட்தான், அதாவது பழைய 256 நிலைகள்தான். கடைசியில் படிக்கட்டுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

வழவழப்பான பரப்பு வேண்டுமென்றால் அதில் கொஞ்சம் அழுக்கைத் தூவ வேண்டும் என்பதுதான் இதற்குக் கண்டுபிடித்த மருந்து. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயமும் இதுதான். லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1960களின் தொடக்கத்தில் எம்ஐடியில் மாணவராக இருந்தபோது இதைச் செய்து பார்த்தார். படங்களைக் குறைந்த பிட்களில் அனுப்ப வழி தேடியவர், பிக்சலுக்கு 3 பிட், அதாவது வெறும் எட்டு நிலைகளுக்குச் சுருக்கினால் முகங்களில் திட்டுத்திட்டாகக் கறை விழுவதைக் கண்டார். சுருக்குவதற்கு முன் ஒவ்வொரு பிக்சலிலும் ஒழுங்கற்ற சிறு எண்ணைக் கூட்டி, பெறும் முனையில் அதே எண்ணைக் கழித்தார். திட்டுகள் மறைந்தன, அவற்றின் இடத்தில் லேசான பொடித்தன்மை மட்டும் எஞ்சியது. பின்னாளில் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டைக் கட்டியெழுப்பியவரும் இவரே.

இன்றைய மென்பொருள்களில் இதன் பெயர் டிதரிங். ஓரிடத்தில் நிறம் 200.3 ஆக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஒரு நிலை திரையில் கிடையாது. எல்லாப் பிக்சல்களையும் 200 என்று முழுமையாக்கினால் பட்டை விழும். அதற்குப் பதில் பத்தில் மூன்று பிக்சலுக்கு 201, ஏழுக்கு 200 என்று சிதறிப் போட்டால், தள்ளி நின்று பார்க்கும் கண் சராசரி எடுத்து 200.3 என்றே வாசிக்கிறது. கோடு எங்கே என்று தேடும் அதே கண்ணுக்குப் பிடித்துக்கொள்ளக் கோடு கிடைப்பதில்லை. சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டியை உருப்பெருக்கியில் பார்த்தால் நான்கு மைகளின் புள்ளிகள் தெரியும். அங்கும் இதே கண்ணின் சராசரியை நம்பித்தான் இளம் வண்ணங்கள் பிறக்கின்றன. ஃபிலிமில் எடுத்த பழைய படங்களின் வானத்தில் பட்டை விழாததற்கும் வெள்ளி உப்புத் துகள்களின் ஒழுங்கின்மைதான் காரணம். ஒரு நிறத்தை இன்னொன்றாகக் கரைக்கும் போட்டோஷாப்பின் கிரேடியன்ட் கருவியில் ‘டிதர்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதைத் தேர்ந்தும் போதாவிட்டால், வானத்தின் மேல் ஒரு சதவீதம் நாய்ஸ், அதாவது ஒழுங்கற்ற துகள்கள், சேர்ப்பார்கள் அனுபவசாலிகள்.

படிகள் ஒருபுறம் இருக்க, எந்த வழியாக நடப்பது என்பது இன்னொரு சிக்கல். நீலத்திலிருந்து மஞ்சளுக்குப் போகச் சொன்னால் கணினி எண்களின் நடுவை எடுக்கும்: சிவப்பு 128, பச்சை 128, நீலம் 128. அது சாம்பல். பளிச்சென்ற இரண்டு நிறங்களுக்கு நடுவே சேற்று மூட்டம். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் வருவதும் ஒரு மங்கலான ஆலிவ் பழுப்பு. எண்ணில் பாதி என்பது ஒளியில் பாதி அல்ல என்பதும் இங்கே சேர்ந்துகொள்கிறது: 128 என்ற எண்ணுக்குத் திரை உமிழ்வது முழு ஒளியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான். பாதி ஒளி வேண்டுமென்றால் 188 வரை போக வேண்டும்.

கண் உணரும் தூரத்தை வைத்தே நிறங்களை அடுக்கிவிடலாம் என்று பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 1976இல் சீலேப் என்ற வரைபடத்தை வகுத்தது. நல்ல முயற்சி, ஆனால் அதில் நீலத்திலிருந்து வெள்ளைக்குப் போனால் வழியில் ஊதா எட்டிப்பார்க்கும். வானம் வரைகிறவருக்கு இதைவிட வேண்டாத விருந்தாளி இல்லை. சுவீடனைச் சேர்ந்த பியோர்ன் ஒட்டோசன் என்ற நிரலாளர் 2020இல் ஓகேலேப் என்ற புதிய வரைபடத்தை வெளியிட்டு அந்த ஊதாவைப் பெருமளவு விரட்டினார். அதில் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே வருவது செத்த சாம்பல் அல்ல, வெளிறிய நீலப்பச்சை. இப்போது இணைய உலாவிகளும் போட்டோஷாப்பும் இந்த வழியை ஏற்றுக்கொண்டுவிட்டன. கிரேடியன்ட் கருவியில் ‘பர்செப்சுவல்’ என்று இருப்பது இதுதான்.

மறுபடி அழுக்குக்கு வருவோம். நாய்ஸைச் சேர்க்கும் நேரமும் முக்கியம். அதைத் தூவிய பிறகு படத்தை மழுக்கினாலோ பெரிதாக்கினாலோ சிறிதாக்கினாலோ துகள்கள் கலைந்துவிடும். ஆகவே அது கடைசி வேலையாக இருக்க வேண்டும். அப்படியும் ஒரு எதிரி வெளியே காத்திருக்கிறது. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாக நறுக்கி, நுண்ணிய ஏற்ற இறக்கங்களைத் தேவையற்றவை என்று முதலில் கழித்துக்கட்டுகிறது. நாம் பார்த்துப் பார்த்துத் தூவிய அழுக்கும் அந்தக் கணக்கில்தான் வரும். கோப்பின் அளவைக் குறைக்கிறேன் என்று தரத்தை இறக்கி மறுபடி சேமித்தால், அழுக்கு போய்ப் பட்டைகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோப்பு சற்றுப் பெரிதானாலும் பரவாயில்லை என்று உயர்ந்த தரத்தில் சேமிக்கலாம், அல்லது எதையும் கழிக்காத பிஎன்ஜி வடிவத்துக்குப் போகலாம்.