குத்தகைக் காணியும் கணினி நினைவகமும்



நீர்வேலியிற் சொந்தக் காணியில்லாத கமக்காரர் ஒருவர் வாழை வைக்க விரும்பினால், நான்கு பரப்புத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுப்பார். தவணை முடிந்ததும் காணிக்காரரிடம் ஒப்படைப்பார். அடுத்த ஆண்டு அதே செம்மண்ணை வேறொருவர் கொத்துவார். ‘சி’ என்னும் கணினி மொழி நினைவகத்தைக் கையாளும் முறையும் ஏறக்குறைய இதுவே.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே டெனிஸ் ரிச்சி என்பார் இம்மொழியை ஆக்கினார். இதிலுள்ள ‘மலொக்’ என்னும் சார்பிடம் இத்தனை பைற்று இடம் வேண்டுமென்று கேட்டால், அது இடத்தை ஒதுக்கி முகவரியைத் தரும். இடமில்லையேல் வெற்று முகவரியைத் தரும். அதனைச் சோதியாது எழுதத் தொடங்குவது, காணி கிடைக்குமுன் கன்று நடுவதை ஒக்கும். ஒதுக்கிய இடத்திலே முன்னிருந்தவரின் எச்சங்களும் கிடக்கலாம். துப்புரவான நிலம் வேண்டுவோர் ‘கலொக்’ என்னும் சார்பை நாடுவர். வேலை முடிந்ததும் ‘ஃபிரீ’ என்னும் சார்பினால் இடத்தை விடுவித்தல் வேண்டும்.

இங்கு நேரும் பிழைகள் மூன்று. விடுவிக்க மறப்பது முதலாவது. இதனை நினைவகக் கசிவு என்பர். விடுவித்த இடத்தில் மீண்டும் எழுதுவது இரண்டாவது; அது பிறர் பயிரின்மேல் ஏர் ஓட்டுவதாகும். ஒரே இடத்தை இருமுறை விடுவிப்பது மூன்றாவது. அதனாற் கணக்கேடு குழம்பி, ஒரே காணி இருவருக்குக் குத்தகையாகிவிடவுங் கூடும்.

எங்கள் மாணவர் ஒருவர் எழுதிய செய்நிரல் காலையில் ஒழுங்காக ஓடி, மாலையில் நின்றுவிட்டது. விடைகள் யாவும் சரியே. பெற்ற இடத்தைத் திருப்பிக் கொடாமையே குற்றம். சிறு செய்நிரலாயின், அது முடிந்தவுடன் பணிசெயல் முறைமை எல்லாவற்றையும் மீட்டுக்கொள்ளும். ஆதலாற் குறை வெளிப்படாது. நாட்கணக்காக ஓயாது இயங்கும் சேவையகத்திலோ, துளித்துளியாகக் கசிந்தது ஈற்றில் இயந்திரத்தையே திணறச் செய்யும்.

பிறர் பயன்படுத்துவதற்கென நிரற்றொகுதி எழுதுவோருக்கு மற்றுமொரு வினா எழும்: ஒதுக்கியவர் ஒருவர், பயன்படுத்துபவர் மற்றொருவர், விடுவிப்பவர் யார்? இலங்கைப் பொறியியலாளர் பெரும் பங்கெடுத்து ஆக்கிய ‘அப்பாச்சி அக்சிஸ்2/சி’ என்னும் தொகுதியில் இதற்கு நல்ல விடையுண்டு. 2007ஆம் ஆண்டில் அதன் 1.0 பதிப்பு வெளியாயிற்று. அதிலே ஒரு பொருளை ஆக்கும் சார்புக்கு இணையாக, அதை விடுவிக்கும் சார்பும் உண்டு. அன்றியும், இடம் ஒதுக்கும் பொறுப்பாளரை அழைப்பவரே தெரிந்து கொடுக்கலாம். அப்பாச்சி வலைச் சேவையகம், வேண்டுகோள் ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகக் குளம் ஒன்றை வகுத்து, அது முடிந்ததும் குளம் முழுவதையும் ஒருங்கே விடுவிக்கும். அங்கு இயங்கும் தொகுதியும் அவ்வீட்டு வழக்கத்துக்கு இசைந்து நடக்க இவ்வேற்பாடு உதவியது.

மாணவச் செல்வங்களே, ‘மலொக்’ என்று எழுதும் அக்கணத்திலேயே, அதனைத் திருப்பித் தருபவர் யார், எப்பொழுது என்பதையும் தீர்மானித்து எழுதுங்கள். கடன் வாங்கும்போதே தவணையை எண்ணுபவன் இரவில் நிம்மதியாக உறங்குவான். அவன் எழுதிய செய்நிரலும் இரவு முழுதும் இடையறாது இயங்கும்.