படிவங்கள் குறையட்டும், தடயங்கள் நிலைக்கட்டும்

ஒரு நிறுவனம் தன் உற்பத்தி, விற்பனை, வரி, தரச்சோதனை ஆகியவற்றின் விவரங்களை உரிய காலத்தில் அரசுக்கு எழுதித் தருவதையே வணிக அறிக்கைக் கடமை என்கிறோம். இக்கடமைகள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு துறைகளால் விதிக்கப்பட்டவையாதலால், ஒரே தகவலைப் பல படிவங்களில் எழுதும் நிலை சிறுதொழில் முனைவோருக்கு ஏற்பட்டது. அதைத் தளர்த்துவது நியாயமே. ஆனால் ஒவ்வொரு படிவத்தையும் நீக்குவதற்கு முன், அது இல்லாமற்போனால் யாருடைய கண் மறைக்கப்படும் என்ற கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

தகவல் குறையாமல் சுமை மட்டும் குறைந்ததற்குச் சரக்கு மற்றும் சேவை வரி நல்ல சான்று. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளோர் வரியை மாதந்தோறும் செலுத்திவிட்டு, கணக்கை மட்டும் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்ததால், எல்லாவற்றையும் மாதந்தோறும் தாக்கல் செய்தோருக்கு ஆண்டுக்கு 24 ஆக இருந்த முதன்மைத் தாக்கல்கள் 8 ஆகச் சுருங்கின.

உணவுத் துறையில் சிக்கல் ஆழமானது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் உரிமம் பெற்ற உற்பத்தியாளர்களும் இறக்குமதியாளர்களும், முந்தைய நிதியாண்டில் கையாண்ட பொருள்களின் அளவைக் காட்டும் ஆண்டு அறிக்கையை மே 31க்குள் தர வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். உரிமம் தேவைப்படாமல் பதிவுச் சான்றிதழ் மட்டுமே கொண்ட சிறு வணிகர்களுக்கு இக்கடமை இல்லை, அது சரியான விலக்கே. அதே ஆணையம் 2024 டிசம்பரில் எதிர்த்திசையிலும் ஓர் அடி எடுத்து வைத்தது: தரச்சோதனையில் தேறாத பொருள்கள், கடைகளிலிருந்து திரும்பி வந்த காலாவதிப் பொருள்கள், அவை அழிக்கப்பட்டனவா, வேறு வகையில் அகற்றப்பட்டனவா என்ற விவரங்களைக் காலாண்டுதோறும் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று பணித்தது. காலாவதியான மாவும் பிஸ்கட்டும் புதிய தேதி ஒட்டப்பட்டு மீண்டும் கடைக்கு வரும் வழியை அடைக்க இதைவிட நேரான கருவி இல்லை. ஆண்டு அறிக்கையில் ஏற்கெனவே உள்ளதைத் திரும்பக் கேட்காத வரை, இந்தப் புதிய சுமையை ஏற்பதே பொருத்தம்.

தண்டனைகளைத் தளர்த்துவதும் எளிமையாக்கத்தின் மற்றொரு கிளையே. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 மத்தியச் சட்டங்களில் 183 பிரிவுகளைத் திருத்திப் பலவற்றில் சிறைத்தண்டனையை நீக்கியது. படிவம் தாமதமானதற்குச் சிறை என்பது அளவுக்கு மீறியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் உணவு அதிகாரியிடம் அறிந்தே பொய்த் தகவல் தருவதற்கு 3 மாதம் வரை இருந்த சிறைத்தண்டனையும் அகற்றப்பட்டு, 10 லட்சம் ரூபாய் வரையிலான பணத்தண்டம் மட்டும் எஞ்சியது. தாமதத்தையும் பொய்யையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. முன்னது சோம்பலாகவோ இயலாமையாகவோ இருக்கலாம், பின்னது அறிக்கை முறை முழுவதையுமே பயனற்றதாக்கிவிடும். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 27(டி) பிரிவின் கீழ் வரும் குற்றங்களையும், அதாவது போலியோ கலப்படமோ அல்லாத தரக்குறைவான மருந்துகள் உள்ளிட்டவற்றையும், வழக்கு விசாரணையின்றித் தொகை செலுத்தித் தீர்த்துக்கொள்ள ஜன் விஸ்வாஸ் சட்டம் வழிவிட்டது. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் இது கவலைக்குரிய தளர்வு.

மருந்துத் துறையில் பதிவுகள் ஏன் தேவை என்பதை ஒரு துயரம் காட்டுகிறது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, அவர்கள் குடித்த இருமல் மருந்தின் ஒரு தொகுதி காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்று கண்டறியப்பட்டது. தொகுதி எண் என்பது ஒரே முறையில் தயாரித்த புட்டிகள் அனைத்திற்கும் இடப்படும் அடையாளம். எஸ்ஆர்-13 என்னும் அந்த எண்ணைக் கொண்டே தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தொழிற்சாலைக்குச் சென்று மாதிரி எடுத்து, அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுக் கரைப்பான் இருப்பதைச் சில நாள்களில் உறுதிசெய்தது. ஒவ்வொரு தொகுதிக்கும் மூலப்பொருள் எங்கே வாங்கப்பட்டது, யார் சோதித்தார், என்ன முடிவு வந்தது என்று எழுதிவைக்கும் பதிவேடு உற்பத்தியாளருக்குச் சுமையே. அந்தச் சோதனை கலவைக்கு முன்பே நடந்து உண்மையாகப் பதியப்பட்டால், நச்சு புட்டிக்குள் போகுமுன்பே பிடிபடும்.