கேர்னலுக்குள் ஒரு பயணம் – 9: திரை இல்லாமலே திரைக்கு எழுதுவது

முழு எச்டி திரையில் குறுக்கே 1920 புள்ளிகள், மேலிருந்து கீழே 1080 வரிகள். படம் விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. பெருக்கினால் விநாடிக்கு 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகள் வரும். ஆனால் அதே திரைக்கு, இயக்கமுறைமையின் மையமான லினக்ஸ் கேர்னல் வைத்திருக்கும் அட்டவணையைத் திறந்து பார்த்தால் 14 கோடியே 85 இலட்சம் என்று இருக்கும். மிச்சம் 2 கோடியே 40 இலட்சம் எங்கே போகிறது?

பழைய கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சிகளில் இலத்திரன் கற்றை ஒரு வரியை எழுதி முடித்துவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப நேரம் வேண்டும். கடைசி வரியிலிருந்து மேல் மூலைக்கு ஏற இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். அந்த வெற்று நேரத்தையும் சேர்த்தால் ஒரு வரிக்கு 2200 புள்ளிகள், ஒரு படத்துக்கு 1125 வரிகள். குழாய் போய்த் தட்டைத் திரை வந்துவிட்டது. கற்றையே இல்லை, ஆனாலும் வெற்று நேரம் நிலைத்துவிட்டது. திரை இயக்கி எழுதப் புகுபவர் முதலில் கைகுலுக்க வேண்டியது இந்தப் பழைய கணக்கோடுதான்.

இயக்கி செய்யும் வேலையைச் சுருக்கிச் சொல்கிறேன். செருகப்பட்டிருக்கும் திரையிடம் ‘நீ யார், உன்னால் என்ன முடியும்’ என்று கேட்கும். திரைக்குள் இருக்கும் சிறு நினைவகம் 128 பைட் அளவில் பதில் தரும். அந்த 128 எண்களையும் கூட்டினால் 256ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். இல்லையென்றால் வழியில் ஏதோ கெட்டுவிட்டது என்று பொருள். பதிலைப் படித்து, பொருத்தமான அளவைத் தெரிவு செய்து, கடிகார வேகத்தை அமைத்து, படம் நினைவகத்தில் எங்கே கிடக்கிறது என்று வன்பொருளுக்குக் காட்டி, கடைசியில் ஒளியை ஏற்றும். இதற்கெல்லாம் ஓர் ஒழுங்கு உண்டு. படி ஒன்று முன்பின்னானால் திரை இருட்டு.

இந்த வேலையின் கடினம் இங்கேதான் இருக்கிறது. வலையமைப்பு இயக்கியில் பிழை என்றால் திரையில் பிழைச்செய்தி வரும். திரை இயக்கியிலேயே பிழை என்றால் செய்தியை எதில் பார்ப்பது? அதனால் இதை எழுதுபவர்கள் பக்கத்தில் இன்னொரு கணினியை வைத்து, தொடர்வடம் வழியாகவோ வலையமைப்பு வழியாகவோ உள்ளே புகுந்து, இருட்டுத் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று வாசிக்கிறார்கள்.

2009க்கு முன் லினக்ஸில் இந்த வேலையின் பெரும்பகுதி கேர்னலுக்குள் இருக்கவில்லை. எக்ஸ் சேர்வர் என்ற வெளி நிரல் நேரடியாக வன்பொருளில் கை வைத்தது. கணினி தொடங்கும்போது திரை இரண்டு மூன்று தடவை கறுத்து மினுங்கியதை அந்தக் காலத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2009 மார்ச்சில் வந்த 2.6.29 பதிப்பில், முதலில் இன்டெல் சில்லுகளுக்கு, திரை அமைக்கும் பொறுப்பைக் கேர்னலே ஏற்றது. 2015இல் அடுத்த பெரிய அடி: மாற்றங்களைத் தனித்தனியாகச் செய்யாமல் ஒரு கட்டாக முதலில் சரிபார்த்து, முழுவதும் சரி என்றால் ஒன்றாக ஏற்றுவது, ஒன்று பிழையானாலும் எதையும் தொடாமல் விடுவது. ஏற்றும் தருணமும் முக்கியம். படம் பாதி வரையப்பட்டிருக்கும்போது அடுத்த படத்தை மாற்றினால் நடுவே கிழிந்தது போல் தெரியும். மேலே சொன்ன வெற்று நேரம் இப்போது இங்கே பயன்படுகிறது; மாற்றம் அதற்குள் விழ வேண்டும். தவில் தெட்சணாமூர்த்தியைத் தந்த யாழ்ப்பாணத்து இணுவிலுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எவ்வளவு வேகமாக வாசித்தாலும் தீர்மானம் எடுப்பில் வந்து விழாவிட்டால் சபை தலையை நிமிர்த்திப் பார்த்துவிடும்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ஹெல்சிங்கியிலிருந்து அறிவித்தது 1991 ஓகஸ்ட் 25. அந்த ஓகஸ்டில் இணுவிலில் மின்சாரம் இல்லை. 1990இல் போர் மறுபடி மூண்டதோடு குடாநாடு இருண்டது. சுன்னாகம் மின்நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் வீடுகளில் எரிந்தது ஜாம்போத்தல் விளக்கு. பற்றரிக்குத் தடை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டார்கள். உலகம் கேர்னல் எழுதப் பழகிய முதல் ஆண்டுகள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இதை மனக்குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் பிந்தித் தொடங்கியதற்கு மூளையைக் காரணம் காட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

மூளையைவிடப் பெரிய தடை வேறொன்று: ஆவணம். எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதினால் சில்லு என்ன செய்யும் என்று உற்பத்தியாளர் சொல்லாவிட்டால், எந்த மேதையும் இருட்டில் தடவ வேண்டியதுதான். என்விடியா அட்டைகளுக்குத் தன்னார்வலர்கள் 2005இல் தொடங்கிய ‘நூவோ’ இயக்கி அப்படித்தான் பிறந்தது. நிறுவனத்தின் மூடிய இயக்கி வன்பொருளுக்கு எழுதும் எண்களை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்து, ஒவ்வொன்றின் பொருளையும் ஊகித்து, 2010இல் 2.6.33 பதிப்புக்குள் கொண்டுவந்தார்கள். என்விடியா தன் கேர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்தது 2022 மே மாதத்தில். ஏஎம்டி 2007இலேயே ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்குப் பழைய கணினி வாங்குகிறவர்கள் விலையோடு இதையும் பார்க்கலாம். உற்பத்தியாளர் கைவிட்ட அட்டையும் திறந்த இயக்கி இருந்தால் இன்னும் பல ஆண்டு உழைக்கும்.

ஆவணம் இருந்தாலும் போதாது. 2016இல் ஏஎம்டி தன் புதிய அட்டைகளுக்காக ஏறத்தாழ ஒரு இலட்சம் வரி நிரலைக் கொண்டுவந்தது. வேலை செய்கிற நிரல்தான். வரைகலைப் பகுதியின் பராமரிப்பாளர் டேவ் எயர்லி மறுத்துவிட்டார். வேறு இயக்கமுறைமைகளுக்கும் பொதுவாக எழுதிய நிரலைக் கேர்னலில் ஏற்ற ஒட்டியிருந்த இடைப்படை, மற்றவர்களால் படித்துத் திருத்த முடியாததாக இருந்தது என்பதே காரணம். அவர்கள் திரும்பிப் போய்த் திருத்தினார்கள்; 2018 ஜனவரியில் 4.15 பதிப்பில் அது இடம்பிடித்தது. பெரிய நிறுவனம் என்பதற்காக வாசல் அகலவில்லை. அதே வாசல்தான் தனியாளுக்கும்.

தனியாள் எங்கே தொடங்குவது? சிறிய திரையில். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியோடு இணைக்கும் கையடக்கத் திரைகளுக்கு நோர்வேயின் நோரால்ஃப் ட்ரொன்னெஸ் தனியாக இயக்கிகள் எழுதினார். அந்த அனுபவத்திலிருந்து 2017இல் 4.12 பதிப்பில் சிறு திரைகளுக்கான ‘டைனிடிஆர்எம்’ வந்தது. ஐஎல்ஐ9341 என்ற சில்லு கொண்ட திரையை எடுத்துக்கொள்ளுங்கள்: 240க்கு 320, புள்ளிக்கு 2 பைட். ஒரு முழுப் படம் 1,53,600 பைட். 32 மெகாஹேட்ஸ் வேகத்தில் ஒற்றைக் கம்பி வழியாக அனுப்பினால் விநாடிக்கு 26 படம், அதற்கு மேல் போகாது. அப்படியானால் மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் என்ன என்று மாணவருக்குத் தானாகவே தோன்றும். இயக்கிக் கலையின் பாதி அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. இதைவிட எளியது எஸ்எஸ்டி1306: 128க்கு 64, கறுப்பு வெள்ளை, ஒரு படத்துக்கு 1024 பைட். இரண்டு சில்லுகளின் ஆவணங்களும் யாரும் இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன.

“அண்ணை, அந்தத் திரையும் என்னட்டை இல்லையே?” என்று கேட்கிற பிள்ளைக்கும் வழி இருக்கிறது. விகேஎம்எஸ் என்ற இயக்கிக்கு வன்பொருளே கிடையாது. கேர்னலின் நேரங்காட்டியைக் கொண்டு அந்த வெற்று நேரத்தை நடித்துக்காட்டும். வரைந்த படத்துக்கு ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுத் தரும். சோதனை நிரல்கள் அதை ஒப்பிட்டுச் சரிபிழை சொல்லும். அதை வளர்த்த கைகளில் முக்கியமானவை ஹனீன் மொஹமட், ரொட்ரிகோ சிக்கெய்ரா இருவருடையவை. 2018இல் அவர்கள் பயிற்சித் திட்டங்கள் வழியாக உள்ளே வந்தவர்கள். அதே ஆண்டு 4.19 பதிப்பில் அது சேர்ந்தது. அத்தகைய திட்டங்களில் ஒன்றான கூகுளின் கோடைகாலத் திட்டத்துக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் மாணவரை அனுப்பிப் பெயர் வாங்கியிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக் கணினி மாணவருக்கும் அறிவியல் நகர் பொறியியல் பீடத்து மாணவருக்கும் அந்தக் கதவு மூடியிருக்கவில்லை. ஒரு மடிகணினியும் அதற்குள் ஒரு மெய்நிகர் இயந்திரமும் போதும்.

செய்யக் கிடக்கும் வேலைக்குப் பஞ்சமும் இல்லை. கேர்னலின் எழுத்துத் திரை அதிகபட்சம் 512 எழுத்துருவங்களையே தாங்கும். உருவங்களைச் சேர்த்து வைக்கும் அறிவு அதற்கு இல்லை. ‘கொ’ என்று எழுத ஒரு குறி முன்னாலும் ஒரு குறி பின்னாலும் போக வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. 2024இல் 6.10 பதிப்பில் வந்த புதிய வசதி, கேர்னல் நிலைகுலையும்போது திரையில் ஒரு செய்தியை எழுதிவிட்டு நிற்கிறது. அந்தச் செய்தி ஆங்கிலத்தில்தான் வருகிறது. ஒரு குறுஞ்செய்தியைத் தமிழில் முன்கூட்டியே படமாக வடித்து வைத்து அங்கே காட்டுவது, இந்தக் கட்டுரையை வாசிக்கும் ஒரு மாணவருக்கு எட்டாத வேலை அல்ல.

அடுத்த இதழில்: விகேஎம்எஸ்ஸை மெய்நிகர் இயந்திரத்தில் ஏற்றி, அதன் நிரலில் முதல் வரியை மாற்றிப் பார்ப்போம்.