குண்டாஸ் போட்டுவிட்டார்களா? முதலில் அந்தக் கட்டைப் புரட்டுங்கள்

"ரெண்டு நாள்ல ஜாமீன் கிடைச்சுரும்" என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே சிறைக்குள் ஆணை போய்ச் சேர்ந்துவிடும். குண்டாஸ். தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் சட்டத்துக்கு ஊர் வைத்த பெயர். சாராயம், ரவுடித்தனம் என்று தொடங்கி, 2004-இல் திருட்டு விசிடிக்காரரையும் சேர்த்துக்கொண்டது. ஆட்சியரோ காவல் ஆணையரோ கையெழுத்திட்டால், வழக்கு விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். 2017-இல் மெரினாவில் ஈழ நினைவேந்தலுக்குப் போன திருமுருகன் காந்தி மீதும் பாய்ந்தது இதுதான். உயர் நீதிமன்றம் பிறகு ரத்து செய்தது.

இப்படித் தடுப்புக்காவலில் வைக்க இடம் கொடுப்பது அரசியல் சட்டமே, அதுவும் அடிப்படை உரிமைகள் பகுதியில். கைதானவருக்கு வக்கீல் வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்கிறது 22-ஆவது பிரிவு. அடுத்த வரியிலேயே, தடுப்புக்காவலில் இருப்பவருக்கு இவை இல்லை என்று பறித்துக்கொள்கிறது. காவல் ஆணையைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் கருத்து வராமலே மூன்று மாதம் அடைத்து வைக்கவும் விடுகிறது. அதை இரண்டு மாதமாகக் குறைத்து 1978-இல் 44-ஆவது திருத்தம் நிறைவேறியது. ஆனால் அந்தப் பகுதியை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை இன்றுவரை எந்த ஒன்றிய அரசும் வெளியிடவில்லை. நெருக்கடி நிலையில் சிறையிருந்தவர்கள் ஆண்டபோதும்தான். கையில் கிடைத்த சாவியைக் கீழே வைக்க யாருக்கு மனசு வரும்?

ஆகவே தப்பிக்கும் வழி பெரும்பாலும் காகிதத்தில்தான். காவலில் வைத்த ஐந்து நாளுக்குள் காரணங்களைத் தர வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில். காரணங்களோடு வரும் அந்தத் தடித்த ஆவணக் கட்டைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். படிக்கவே முடியாத ஜெராக்ஸ், தமிழாக்கம் இல்லாத ஆங்கில ஆவணம், 'இதே போன்ற வழக்கில் ஜாமீன் கிடைத்தது' என்று காட்டியிருக்கும், சம்பந்தமே இல்லாத வேறொருவரின் உத்தரவு: இவற்றாலேயே பல ஆணைகள் ரத்தாகியிருக்கின்றன.

அரசுக்கு முறையீட்டை உடனே அனுப்புங்கள். காரணமில்லாமல் அதைக் கிடப்பில் போட்டாலும் ஆணை நிற்காது. அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீலைக் கேட்க உரிமையில்லை. வக்கீல் அல்லாத நண்பர் துணைக்கு வரலாம். சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனு போடலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். முறையீடு அனுப்பிய தபால் ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். தாமதத்தைக் கணக்கிட அந்தத் தேதிதான் வேண்டும்.