மூணு கட்சிக்கும் ஒரே விரோதி!

2011 சட்டமன்றத் தேர்தல். என் கன்னி ஓட்டு. பி.காம். முடித்த மிதப்பில் வாக்குச்சாவடிக்குள் நுழைந்தேன். விரலில் மை வைத்த கையோடு, "சார், எனக்கு யாரையும் பிடிக்கலை. 49 ஓ" என்றேன்.

"என்ன தம்பி, சத்தமாச் சொல்லுங்க!" என்றார் அதிகாரி.

சொன்னேன். பெஞ்சில் இருந்த ஏஜென்ட்டுகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். பதிவேட்டில் என் பெயருக்கு நேரே குறிப்பு எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார் அதிகாரி. சாயந்திரத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மூன்று கட்சிக்காரர்கள் தனித்தனியாக வந்து, "நம்ம ஆளு மேல அப்படி என்னப்பா கோபம்?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "எவனுக்காவது போட்டிருந்தா ரெண்டு கட்சியோட போயிருக்கும். இப்ப மூணும் விரோதி!"

எனக்கு இது வேடிக்கை. கட்சிக்காரர் வயலில் கூலி வேலை பார்க்கிறவர் இப்படி உரக்கச் சொன்னால், மறுநாள் வேலை இருக்குமா?

ஓட்டுப் போடுகிறவருக்கு ரகசியம் உண்டு. மறுக்கிறவருக்கு மட்டும் ஏன் கிடையாது? இதைக் கேட்டு 2004-லேயே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருந்தது பி.யூ.சி.எல். என்கிற மக்கள் சிவில் உரிமைக் கழகம். எமர்ஜென்சியின்போது, 1976-ல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிய அமைப்பு. 2013 செப்டம்பர் 27-ல் தீர்ப்பு வந்தது. சொன்னது, நம்ம ஈரோடு மாவட்டத்துக்காரரான அன்றைய தலைமை நீதிபதி பி.சதாசிவம் தலைமையிலான அமர்வு. அப்படிப் பிறந்ததுதான் 'நோட்டா' பொத்தான்.

காமர்ஸ் புத்தி சும்மா இருக்குமா? இவர்களுக்கு என்ன வரவு என்று பார்த்தேன். நிதி நிறுவனம் எதனிடமும் பணம் வாங்குவதில்லையாம். போன் ஒட்டுக்கேட்புக்குக் கடிவாளம் (1996), நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு (2001)... இந்த உத்தரவுகளும் இவர்கள் போட்ட வழக்கில் வந்தவைதான். செலவு அவர்கள் பெயரில், வரவு நம் பெயரில்!

"நோட்டா அதிக ஓட்டு வாங்கினாலும் அடுத்தவன்தானே எம்.எல்.ஏ.? என்ன பிரயோஜனம்?" என்று கேட்கிறான் ஆபீஸ் நண்பன். வாஸ்தவம்தான். ஆனால், யார் அழுத்தினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாதே, அது பிரயோஜனமில்லையா?

2016 தேர்தல் சாயந்திரம் அதே மூவரும் தனித்தனியாக வந்தார்கள். "யாருக்கு தம்பி?"

"உங்களுக்குத்தாண்ணே!" என்றேன், மூவரிடமும்.

மூன்று பேருமே முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.